சம்பந்தம் பேச ஒரு மணல் மைதானம்

பெண் பார்க்க வருவார்கள், கேசரி கிண்டி வைப்போம், பஜ்ஜி போடுவோம். என் பெண்ணுக்கு நடந்ததே வேறு. பையனின் அப்பா பெண்ணை விட்டுவிட்டுப் பெண்ணின் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். அதுவும் கோல்ஃப் மைதானத்தில்.

"அம்மா, நீ கோல்ஃப் ஆடுவேன்னு நவீன் அவங்கப்பாகிட்ட சொல்லிட்டான். வருஷா வருஷம் இங்க ஒரு பழைய போட்டி நடக்குமாம். அதுல வந்து ஆடச் சொல்லு, அப்புறம் பேசிக்கலாம்னுட்டார்" என்று கீர்த்தி குவைத்திலிருந்து போனில் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் என்ன பரீட்சை எழுதவா வருகிறேன் என்று கேட்டேன்.

"பரீட்சைதாம்மா. தயவுசெஞ்சு பாஸ் பண்ணிட்டுப் போ."

கீர்த்தி ஃபஹாஹீலில் பல் டாக்டர். நவீன் அங்கேயே பிறந்து வளர்ந்த பையன், கணினி வேலை. தாயில்லாதவன். அப்பா செல்லத்துரை சரி என்று சொல்லாமல் தாலி கட்டமாட்டேன் என்று உறுதியாக நின்றான். அப்பாவோ ஒரு வருடமாகச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பார்ப்போம், பார்ப்போம் என்றே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் குன்னூர்க்காரி. வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். வெலிங்டனில் குடியிருந்த காலத்தில் மற்ற ஆபீசர் மனைவிகள் ரம்மிக்கு உட்கார்ந்தால் நான் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். ஆட்டம் சுமாராக வரும். விதிகள் மட்டும் மனப்பாடம், ஏனென்றால் சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர், அவருக்கு எல்லாமே பரேடுதான். முழங்கால் ஆபரேஷன் ஆகி வீட்டில் கிடந்த மனுஷன், நான் பெட்டி கட்டும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பந்து எங்க போனாலும் பரவாயில்ல. உன் வாய் எங்கயும் போகாமப் பாத்துக்கோ."

முதல் நாள் ஃபஹாஹீலைச் சுற்றியதில் போயிற்று. கடலோர ஊர். ஒரு தெருவில் சேலைக்கடை, அடுத்த தெருவில் நகைக்கடை, நடுவில் பரோட்டா வாசனை. பத்து நிமிடம் நடந்தால் நாலு மாவட்டத்துத் தமிழ் காதில் விழுகிறது. ஒரு டீக்கடை வாசலில் இரண்டு பேர், "லீவு கேட்டா மாஃபி, கெடையவே கெடையாதுங்கிறான்யா அந்த சூப்பர்வைசர்" என்று புலம்பிக்கொண்டே கரக் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். ஏலக்காய் போட்டுச் சுண்டக் காய்ச்சிய டீ அது. குன்னூரில் பிறந்த எனக்கு டீ விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு, இருந்தாலும் இரண்டாவது கப் வாங்கிக் குடித்தேன்.

மீன் மார்க்கெட்டில் ஒரு மீன்காரர் என் சுடிதாரையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, எந்த ஊர், என்ன விசேஷம் என்று இந்தியில் விசாரித்தார். கோல்ஃப் ஆட வந்தேன் என்றேன். அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் அரபியில், "இந்த அம்மாவுக்கு மண்ணில் பந்து விளையாட விமானம் ஏறி வரவேண்டியிருக்கிறது, பாவம்" என்று சொன்னதாகக் கீர்த்தி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை செல்லத்துரை காரில் வந்து இறங்கினார். நெட்டையான மனிதர். நரைத்த மீசை, கத்தி மடிப்பில் பேன்ட். திருச்செந்தூர்ப் பக்கம். எண்ணெய்க் குழாய்ப் பராமரிப்பில் சின்ன வேலைக்கு வந்து மேற்பார்வையாளராக உயர்ந்தவர். அடுத்த மாதத்தோடு வேலையும் விசாவும் முடிகின்றன, ஊருக்குத் திரும்புகிறார்.

"வாங்க. பயணம்லாம் சௌரியமா இருந்துச்சா?" என்றார். நான் இருந்தது என்றேன். அவ்வளவுதான். மைதானம் போய்ச் சேரும்வரை நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

மைதானத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. ஒரு புல் கிடையாது. ஸ்காட்லாந்தில் கடலோர மணல்மேட்டில்தான் இந்த ஆட்டம் பிறந்தது, அதன் மேல் புல்லாவது முளைத்திருக்கும். எண்ணெய் கிடைத்த புதிதில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் புல்லுக்காகக் காத்திருக்கவில்லை, மணலிலேயே பதினெட்டுக் குழி வெட்டிவிட்டார்கள். பந்து போக வேண்டிய வழியின் எல்லைக்கு வெள்ளையடித்த கற்கள். தூரத்தில் எண்ணெய்க் கிணற்றின் தீ நாக்கு. எங்கள் ஊரில் காட்டெருமை குறுக்கே வந்தால் ஆட்டத்தை நிறுத்துவோம். இங்கே குறுக்கே வர ஓணான்கூட இல்லை.

"இந்தாங்க" என்று ஒரு துண்டு பிளாஸ்டிக் புல் பாயைக் கையில் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுதான். கல் எல்லைக்குள் பந்து விழுந்தால் அதை எடுத்து இந்தப் பாயில் வைத்து அடிக்கலாம். எல்லை தாண்டினால் மண்ணோ கல்லோ, கிடந்த இடத்திலேயே அடிக்க வேண்டும். பந்தும் வெள்ளையில்லை, மணலில் தெரிய வேண்டும் என்று ஆரஞ்சு நிறம். குழியைச் சுற்றி எண்ணெய் கலந்து இறுக்கிய பழுப்பு மணல் வட்டம். அதற்குப் பெயரே 'பிரவுன்'. நாம் கிரீன் என்று சொல்வது இவர்களுக்குப் பிரவுன். குழிக்குள் ஒரு தகர டப்பா பதித்திருக்கிறார்கள், பந்து விழுந்தால் டங் என்று கேட்கும். ஆடி முடித்ததும் கோணிச் சாக்கு கட்டிய கட்டையை இழுத்துக் கால் தடம், பந்துத் தடம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகவேண்டும்.

அன்றைக்கு நட்பு ஆட்டம். நானும் அவரும் நேருக்கு நேர், ஒவ்வொரு குழியும் தனிச் சண்டை. இந்த வகை ஆட்டத்தில் எதிராளியின் பந்து குழிக்கு அருகில் நின்றால், "போதும், எடுத்துக்கோங்க" என்று விட்டுக்கொடுக்கலாம், போட்டதாகவே கணக்கு. நான் சம்பந்தம் பேச வந்தவளாயிற்றே. முழ தூரத்தில் கிடந்தாலும் "எடுத்துக்கோங்க சார்" என்றேன். அவருக்கும் மரியாதை போய்விடக் கூடாது, "நீங்களும் எடுத்துக்கிடுங்க" என்றார். பந்தியில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருவரையொருவர் வற்புறுத்துகிற மாதிரி நாள் முழுக்க இதுவே நடந்தது. தகர டப்பா சத்தமே அதிகம் கேட்கவில்லை. யார் ஜெயித்தது என்றுகூட இருவரும் பேசவில்லை.

நடுவில் ஒரு மர நிழல்கூட இல்லாத இடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அவரே சமைத்தது. எனக்கென்று தனியாக ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். "உப்பு பாத்துச் சொல்லுங்க" என்றார். உப்பு கூடத்தான் இருந்தது. நன்றாயிருக்கிறது என்றேன். பொய் சொன்னதற்கு மனசு உறுத்தவில்லை.

கிளப் என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. உள்ளே ஒரு சுவர் முழுக்க மரப்பலகை, அதில் சாம்பியன்களின் பெயர்கள் பொன்னிற எழுத்தில். வெள்ளைக்காரப் பெயர்களாக ஆரம்பித்து, பிறகு கோவாக்காரர், பிலிப்பினோ, பஞ்சாபி என்று இறங்கி வருகிறது. ஒரு தமிழ்ப் பெயர் இல்லை. தேநீர் கொண்டுவந்த அம்மாள் இலங்கையில் ஹட்டன் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர், புஷ்பம் என்று பெயர். நானும் தேயிலை ஊர் என்றதும் ஒட்டிக்கொண்டுவிட்டார்.

"பெரியவரு கூடவா ஆட வந்தீங்க? பாவங்க அவரு. எல்லா வருஷமும் வருவாரு, ஒருக்காவும் ஜெயிச்சதில்ல. ஆட்டம் முடிஞ்சா அந்தப் பலகைக்கு எதுக்கதான் குந்தி டீ குடிப்பாரு. இந்த வருஷம்தான் கடைசியாம், சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றார்.

அதைக் கேட்டபிறகு எனக்கு இரட்டைப் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள்தான் அந்தச் சாம்பியன்ஷிப் போட்டி. அதில் எங்கள் இருவரையும் ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். என்னால் அவருடைய ஆட்டம் கெட்டுவிடக் கூடாதே என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

சாம்பியன்ஷிப் நாளில் காற்று கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே வானம் சுக்குப் பொடி நிறம். கீர்த்திக்குக் கிளினிக், டாக்சி பிடித்துப் போய்விடுகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். கோல்ஃப் என்றேன், தலையாட்டினார். கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் பச்சைப் பசேல் என்று புல்லும் நீரூற்றும்.

"இது இல்லை பாய், பழையது. மண் மைதானம்" என்று எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் கத்தினேன்.

அவர் நிதானமாகச் சொன்னது இது: "அம்மா, இந்த நாடு முழுக்க மண்தான். அதில் எந்த மண்?"

ஐயோ, எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்லத்துரைக்குப் போன் போட்டுப் பேசக் கொடுத்தேன். அவர்கள் உருதுவில் பேசிக்கொண்டார்கள். "யல்லா" என்று வண்டியைத் திருப்பியவர் புழுதிக்குள் பறந்த பறப்பில் நான் கந்தசஷ்டி கவசத்தைப் பாதி சொல்லிவிட்டேன். போய் இறங்கும்போது செல்லத்துரை முதல் குழியருகே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களோடு ஆட வேண்டிய மூன்றாவது ஆள் தூசிக்குப் பயந்து வரவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா நம்ம ரெண்டு பேர் ஆட்டமும் கெட்டிருக்கும்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். நான் மன்னிச்சுக்கோங்க சார் என்று சொல்லி, வாய்க்குள் போயிருந்த மணலைத் துப்பினேன்.

இன்றைய ஆட்டம் வேறு. பதினெட்டுக் குழிக்கும் அடித்த மொத்த அடிகளை எண்ணிப் பார்ப்பார்கள், குறைந்த அடி அடித்தவர் சாம்பியன். இதில் விட்டுக்கொடுக்கிற பேச்சே கிடையாது. பந்து குழிக்குள் விழுந்தே ஆகவேண்டும். விழாமல் கையில் எடுத்துவிட்டு, அடுத்த குழிக்கு ஓர் அடி அடித்துவிட்டாலும் போதும், போட்டியை விட்டே வெளியே. அவருடைய அடிகளை நான் எண்ண வேண்டும், என்னுடையதை அவர்.

மனுஷன் அன்றைக்கு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! காற்று தள்ளுகிற பக்கம் தெரிந்து தாழப் பந்தை அனுப்புகிறார். பிரவுனில் குனிந்தால் டங். அடுத்ததில் டங். பத்தாவது குழிக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் முன் குழுவின் ஸ்காட்லாந்துக்காரர் நின்றிருந்தார், பலகையில் நாலு இடத்தில் பெயர் உள்ளவர். அவர் தொப்பியைத் தட்டித் தூசியை உதிர்த்துவிட்டுச் சொன்னார்: "துரை, நான் என் ஆட்டத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். இன்றைக்கு நீ தூங்கிவிடாமல் இருந்தால் போதும், உனக்குத்தான்." செல்லத்துரை டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் பதினொன்றாவதைப் பார்த்து நடந்தார்.

பதிமூன்றாவது முடிந்து நடக்கும்போதுதான் அவர் முதல்முறையாகப் பிள்ளைகள் பேச்சை எடுத்தார்.

"நவீன் தாயில்லாப் பிள்ளை. வீடு வீடா இருக்கணும்னா ஒரு ஆள் இருக்கணும்லா. கல்யாணத்துக்குப் பெறகு உங்க பொண்ணு வேலைய விட்ருவாளா?"

மூன்று நாளாக நான் பூட்டி வைத்திருந்த வாய் பட்டென்று திறந்துகொண்டது. "உங்க பையன் விட்ருவாரா சார்?"

அவர் நின்றுவிட்டார். முகம் இறுகியது. பாயைக் கீழே போட்டுப் பந்தை வைத்து அடித்தார். அடி சரியில்லை. எல்லாம் என்னால். அடிப்பாவி, ஒரு வருடம் என் பெண் காத்திருந்த பேச்சு, ஒரே வரியில் நாசம் பண்ணிவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். கேட்டது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. கேட்ட நேரம்தான் தப்பு.

பதினான்காவது பிரவுனில் அவர் தட்டிவிட்ட பந்து உருண்டு உருண்டு வந்து, குழிக்கு ஒன்றரை அடி முன்னால் நின்றது. அவர் உதட்டைக் கடித்தார். எப்படியாவது இந்த மனிதரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற தவிப்பில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"விடுங்க சார். எடுத்துக்கோங்க" என்றேன். முந்தின நாள் முழுக்கச் சொன்ன அதே வார்த்தை, அதே குழைவு.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தின் இறுக்கம் கொஞ்சம் விட்டது. "சரி" என்று குனிந்து பந்தை எடுத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நானே ஓடிப்போய்ச் சாக்கை இழுத்துப் பிரவுனைச் சமமாக்கினேன்.

பதினைந்தாவது. அவர் பந்தை வைத்தார், மட்டையைப் பின்னால் தூக்கினார். என்னவோ குறைகிறதே என்று என் காதுக்குத்தான் முதலில் பட்டது. போன குழியில் டங் கேட்கவில்லை. பந்து விழவில்லை. விழாத பந்தை எடுக்கச் சொன்னவள் நான்.

இப்போது கத்தினால்கூடத் திரும்பிப்போய்ச் சரிசெய்துவிடலாம், ஓர் அடி அபராதத்தோடு போகும். ஆனால் மட்டையைத் தூக்கியவர் முன்னால் மூச்சுக்கூட விடக்கூடாது என்று இருபது வருடமாக ஊறியிருக்கிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்லும் என் வாய் அந்த ஒரு நொடி திறக்கவில்லை. டொக். பந்து நேராக, அழகாக, வழியின் நட்டநடுவில் போய் விழுந்தது.

முடிந்தது. அந்த மனிதர் போட்டியிலேயே இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் ஆடியது ஆட்டமே இல்லை. என் பந்து கல்லில் பட்டு எங்கோ போனது, போகட்டும் என்று விட்டேன். தூசிக்குள் முன் குழுவும் தெரியவில்லை, பின் குழுவும் தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை. பந்து கிடந்த தடத்தையும் நானே சாக்கால் தேய்த்துவிட்டேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகிவிடும்? ஒரு நல்ல மனிதர் பெயர் பலகையில் ஏறும், என் பெண் கழுத்தில் தாலி ஏறும். சொன்னால் இரண்டும் போச்சு. ஆனால் அவருடைய அடிகள் சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். எனக்குக் கை எப்படி வரும்?

பதினேழாவதில் அவர் என் பக்கத்தில் வந்து நடந்தார். "மேடம், அந்நேரம் அப்பிடிக் கேட்டது தப்பு. பொண்ணு வேலைய விட வேண்டாம். என் சம்சாரம் இருந்திருந்தா என்னைய ஏசியிருப்பா" என்றார்.

கடவுளே, இது இப்போதுதானா வரவேண்டும்? நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

பதினெட்டாவது பிரவுனில் அவருக்கு நீளமான தூரம் மிச்சமிருந்தது. காற்றைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், தட்டினார். பந்து வளைந்து போய், டங். தொப்பியைக் கழற்றினார். நரைமுடி முழுக்க மணல். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கை குலுக்க என்னிடம் கையை நீட்டினார்.

நான் கையைக் கொடுக்கவில்லை. "சார், பதினாலாவதுல பந்து உள்ள விழல" என்றேன்.

கை அப்படியே நின்றது.

"நீங்கதான எடுக்கச் சொன்னீங்க?"

"ஆமா சார். தப்பு என்னோடதுதான். முழுக்க என்னோடது."

"யாரும் பாக்கலை."

"நாம ரெண்டு பேரும் பாத்தோமே சார்."

"நான் கேட்டேனா ஒங்ககிட்ட? இப்பம் வந்து ஏன் சொல்லுதீங்க?" குரல் உடைந்துவிட்டது அவருக்கு. நான் அழுதுவிட்டேன், மூக்கெல்லாம் மண்ணும் தண்ணீருமாக. அவர் என்னைத் தேற்றவில்லை. சாக்குக் கட்டையை எடுத்துப் பிரவுனைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். சமமான பிறகும் இழுத்துக்கொண்டேயிருந்தார்.

பிறகு கொட்டகைக்குப் போனோம். மேசையில் இருந்தவர் சிரித்த முகத்தோடு எழுந்து, எத்தனை அடி என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் செல்லத்துரை ஆங்கிலத்தில், பதினான்காவது குழியை நான் முடிக்கவில்லை, என் பெயரை அடித்துவிடுங்கள் என்றார். எடுக்கச் சொன்னது நான் என்று சொல்லவில்லை. புஷ்பம் டீயை வைத்தார். செல்லத்துரை பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அதைக் குடித்தார்.

என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "ராத்திரி உங்கள எங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன்லா, அது வேண்டாம். எனக்கு முடியலை" என்றார்.

கீர்த்தியிடம் சொன்னேன். அவள் பையைத் தரையில் போட்டாள். "ஏம்மா? உன்ன யாரு கேட்டா? ஒரே ஒரு நாள் வாய மூடிட்டு இருக்க முடியாதா உன்னால?" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சோபாவில் உட்கார்ந்தேன். குன்னூருக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரியாத்தான் பண்ணியிருக்க" என்றார். அந்த மனிதருக்கு என்ன, பரேடு ஒழுங்காக நடந்தால் போதும். போனை வைத்துவிட்டேன்.

பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. நவீன். பின்னால் அவன் அப்பா, கையில் பெரிய அலுமினியப் பொட்டலம்.

"சமைக்கலை. மச்பூஸ் வாங்கியாந்தேன்" என்று உள்ளே வந்தார். நம் பிரியாணிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி சோறு, நடுவில் கோழி, தொட்டுக்கொள்ள ஒரு தக்காளிச் சட்னி. நவீன் தட்டுகளை எடுத்துவந்தான். கீர்த்தி வீங்கிய கண்ணோடு வெளியே வந்தாள். நாலு பேரும் உட்கார்ந்து மென்றோம்.

செல்லத்துரை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினஞ்சாவதுல அடிச்ச கையோட எனக்கும் ஞாபகம் வந்துட்டு. உங்களுக்குத் தெரியலைன்னு நெனச்சேன். நாலு குழி வாயத் தொறக்காமத்தான் வந்தேன்."

"அப்பா," என்றான் நவீன். "இட்ஸ் ஓகேப்பா."

"நீ சும்மா இரு" என்றார்.

எனக்குப் பதினேழாவது குழி ஞாபகம் வந்தது. அங்கே அவர் வருத்தம் சொன்னது மனசாரவா, என் வாயை அடைக்கவா? கேட்கலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ.

தட்டில் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தை மாசம் குன்னூர்ல ரொம்பக் குளிருமோ?"

எனக்குப் புரியவில்லை. "குளிரும் சார். காலைல உறைபனிகூட விழும்" என்றேன்.

"எங்க ஆளுங்க திருச்செந்தூர் வெயில்ல கெடந்தவங்க. தாங்கமாட்டாங்க. முகூர்த்தத்த வைகாசில வச்சுக்கிடுவோம்."

கீர்த்தி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நவீன் எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். நான் சோற்றுக் கையோடு கும்பிட்டேன். என்ன பேசுவது என்று எனக்கே தெரியாத ஒரு நேரம் என் வாழ்க்கையில் வரும் என்று நான் நினைத்ததில்லை.

மறுநாள் மதியம் எனக்கு விமானம். அவரே வண்டி ஓட்டிவந்தார். காற்று அடங்கி வானம் நீலமாகியிருந்தது. வழியெல்லாம் மண்டபம், சமையல்காரர், எத்தனை பேர் வருவார்கள் என்றே பேசினோம். என்னை இப்போது சம்பந்தியம்மா என்று கூப்பிட்டார். பெட்டியை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். போய்ட்டு வரேன் என்று சொன்னேன், வாங்க என்றார். கார்க் கதவைத் திறந்தவர் அதில் ஏறாமல் திரும்பி வந்தார்.

"சம்பந்தியம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." தயங்கினார். "ஒண்ணரை அடிதான். போட்டிருப்பேம்லா?"

"கண்ண மூடிட்டுப் போட்டிருப்பீங்க சார்" என்றேன்.

அவர் ஒருமுறை தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தும் கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பவில்லை.